பி.ஓ.டி. – உயிர்வேதி ஆக்சிஜன் தேவை

ஆற்று நீரின் தரம் பற்றிய அறிக்கை எதுவானாலும் பி.ஓ.டி. என்ற எழுத்துகள் இல்லாமல் இருக்காது. ‘பயோகெமிக்கல் ஆக்சிஜன் டிமாண்ட்’ என்பதன் சுருக்கம் அது. நீரில் கலந்த மலம், மிச்ச உணவு போன்ற மட்கும் கழிவைத் தின்று செரிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே இந்தக் கணக்கு. எண் ஏறினால் ஆறு கெடுகிறது என்று பொருள். நீரில் இருக்கும் ஆக்சிஜனின் அளவு என்று தலைகீழாகப் படிப்பவர்களும் உண்டு. அதற்குப் பெயர் ‘கரைந்த ஆக்சிஜன்’.

300 மி.லி. கண்ணாடிப் புட்டியில் குமிழி விழாமல் நீரை நிரப்பி மூடி, 20 டிகிரி செல்சியஸில் 5 நாள் இருட்டில் வைப்பார்கள். வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜனை விட்டுக் கணக்கைக் கெடுத்துவிடும். முதல் நாள் இருந்ததில் ஐந்தாம் நாள் எவ்வளவு குறைந்தது என்பதே விடை. அந்த வெப்பநிலையில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் நீரில் கரையும். வீட்டுச் சாக்கடையோ 200க்கு மேலும் கேட்கும். எனவே அதைப் பல மடங்கு நீர்த்துத்தான் சோதிக்க வேண்டும்.

இந்தச் சோதனையை நிலைநிறுத்தியது, பிரிட்டனில் 1898இல் அமைந்த கழிவுநீர் அரச ஆணையம். சுத்திகரித்து ஆற்றில் விடும் நீரின் பி.ஓ.டி. 20 மி.கி.யைத் தாண்டக்கூடாது என்று 1912இல் அது வரம்பு வகுத்தது. அந்த 5 நாள் கணக்கு பல நாடுகளில் இன்றும் மாறாததால்தான் பல பத்தாண்டுத் தரவுகளை ஒப்பிட முடிகிறது. லண்டனின் தேம்ஸ் ஆற்றை 1957இல் ‘உயிரற்றது’ என்றே சொல்லிவிட்டார்கள். கழிவுநீர் நிலையங்களைப் புதுப்பித்த பிறகு ஆற்றில் விழும் பி.ஓ.டி. சுமை குறைந்து, ஆக்சிஜன் மீண்டது. 1974இல் சால்மன் மீனே அகப்பட்டது.

தமிழில் ‘உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை’ என்றும் எழுதுகிறார்கள்; ‘உயிர்வேதி’ என்றாலே போதும். ஆக்சிஜனை ‘உயிர்வளி’ ஆக்கினால் ‘உயிர்வேதி உயிர்வளித் தேவை’ என்று நாக்கு இடறும், அதனால் என் ஓட்டு ஆக்சிஜனுக்கே. பேச்சில் எப்படியும் பி.ஓ.டி.தான்.

இந்தியாவில் குளிக்கத் தகுந்த ஆற்று நீருக்கு வரம்பு 3 மி.கி. ஆனால் எண் குறைவாக இருக்கிறதே என்று உடனே மகிழக்கூடாது. குரோமியம் போன்ற நச்சு கலந்தால் நுண்ணுயிர்களே செத்து, பி.ஓ.டி. பொய்யாகக் குறையும். ஆலைக் கழிவு விழும் ஆறுகளில் நுண்ணுயிரை நம்பாமல் வேதிப்பொருளால் அளக்கும் சி.ஓ.டி.யையும் (‘கெமிக்கல் ஆக்சிஜன் டிமாண்ட்’, அதாவது வேதி ஆக்சிஜன் தேவை) சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.