வாசனை போனதற்குப் பழி ஓஆர்7டி4 மீதா?

வாசனை போய்விட்டது என்று இந்த மாதத்தில் என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். எட்டு மாதமாக எந்த வாசனையும் தெரியவில்லையாம். மூக்கைக் காட்டும் முன்பே மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டினார். “ஓஆர்7டி4-ல மாற்றம் இருக்காம் டாக்டர். பிறவிக் குறைக்கு என்ன பண்றதுன்னு விட்டுட்டேன்.” எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் சதை வளர்ந்து அடைத்துக் கிடக்கிறது.

பிறந்ததிலிருந்து இருக்கும் மாற்றம் எட்டு மாதத்துக்கு முன்னால்தான் கண் விழித்ததா?

ஓஆர்7டி4, 19ஆம் குரோமோசோமில் இருக்கும் மரபணு. அதிலிருந்து உருவாகும் புரதம் ஒரு வாசனை ஏற்பி. ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற பொருளின் மணத்தை அது பிடிக்கும். புரதத்தின் 88, 133ஆம் இடங்களில் அமினோ அமிலம் மாறியிருந்தால் அந்த ஏற்பி மந்தமாகிவிடும். 2007இல் வந்த ஆய்வு சொன்னது இவ்வளவுதான். ஓரளவுக்கு அதனால்தான் அந்தப் பொருள் ஒருவருக்கு மூத்திர நாற்றமாகவும், இன்னொருவருக்கு வெனிலா போலவும் இருக்கிறது. சிலருக்குத் தெரிவதே இல்லை. மனிதரிடம் வேலை செய்யும் வாசனை ஏற்பி மரபணுக்கள் சுமார் 400. ஒரு மணம் பல ஏற்பிகளைத் தட்டும்; ஓர் ஏற்பி பல மணங்களுக்கு அசையும். நானூறில் ஒன்று சோம்பினால் மூக்கே செத்துப்போகாது. என் மரபணுவைச் சோதித்தாலும் இப்படி நாலைந்து அகப்படும்.

பிறவியிலேயே வாசனை அறியாதவர்கள் இல்லாமல் இல்லை. கால்மன் நோய்க்குறியில் பருவமடைவதும் தள்ளிப்போகும். அங்கேயும் குற்றவாளி ஏற்பி அல்ல, வாசனை நரம்புகள் வளர்ந்த விதம்.

இன்னொன்று: அம்மோனியாவை முகர்ந்து “தெரியுதே” என்று திருப்திப்படாதீர்கள். அது நெடி. முகத்துக்கு வரும் வேறொரு நரம்பு அதை உணர்த்துகிறது. மணம் போனாலும் நெடி ஏறும்.

சளி விட்டும் சில வாரங்களில் வாசனை திரும்பவில்லையா, வந்து காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அதோடு ரத்தம் என்றால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பதே கசிவு தெரியத்தான். மூக்கு அறியாதவர் வீட்டில் கசிவையும் புகையையும் காட்டும் கருவிகள் வேண்டும். வைரஸால் போயிருந்தால் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலங்களைத் தினம் இருவேளை, மாதக்கணக்கில் முகர்ந்து பழகச் சொல்வோம். தயவுசெய்து பத்தாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். அந்த நரம்பு செல்கள் புதிதாக முளைக்கக்கூடியவை, ஆனால் அவசரப்படாதவை.

ரிப்போர்ட் இருந்தால் கொண்டுவாருங்கள், படிக்கிறேன். முதலில் மூக்கு.