நுரை வந்ததும் 'சுண்ணாம்புக்கல்' என்று எழுதிவிடாதீர்கள்

பாம்பன் கரையில் மாணவர்களோடு நிற்கும்போதெல்லாம் ஒரே காட்சிதான். கல்லைக் கையில் எடுத்த மறு நிமிடமே அமிலக் குப்பியைத் திறந்துவிடுவார்கள். ஒரு துளி, புஸ்ஸென்று நுரை, உடனே நோட்டில் 'சுண்ணாம்புக்கல்'. போன முறை ஒரு மாணவியிடம், "உடைந்த பக்கத்தை லென்ஸில் பாரும்மா" என்றேன். பார்த்தவள் சற்று நேரம் நிமிரவே இல்லை. "சார், இதுல முக்கால்வாசி மணல்தான் இருக்கு."

அவள் கையில் இருந்தது கடற்கரைப் பாறை. அலை ஏறி இறங்கும் இடத்தில் மணலையும் சிப்பித் துண்டுகளையும் கடல்நீரிலிருந்து படியும் சுண்ணாம்பு ஒட்டவைத்து உருவாவது. நுரைத்தது அந்தப் பசையும் சிப்பியும். மணலில் உள்ள குவார்ட்ஸ் மணியில் அமிலம் பட்டால் ஒன்றும் நடக்காது.

அதனால்தான் பெயரைக் கடைசியில் எழுதச் சொல்கிறேன். முதலில் நிறம், அதுவும் இரண்டு நிறம். இங்குள்ள கற்களின் மேற்பரப்பு பாசி படிந்து கறுத்திருக்கும், உடைந்த பக்கம் வெளிர் பழுப்பாக இருக்கும். 'கறுப்புப் பாறை' என்று எழுதினால் பாசியைத்தான் விவரித்திருக்கிறீர்கள்.

அப்புறம் மணியின் அளவு. 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சரளை, 2-க்கும் 0.0625-க்கும் இடைப்பட்டது மணல். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 'சிறியது', 'பெரியது' என்று எழுதுவதில் பயனில்லை. மணிகள் ஒரே அளவா, கலந்து கிடக்கின்றனவா? முனை மழுங்கியவையா, கூரானவையா? வெகுதூரம் உருண்டு வந்த மணியின் முனை தேய்ந்திருக்கும். நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை இல்மனைட் என்ற கனிமமாக இருக்கலாம், சிவப்பு மணிகள் கார்னெட் என்ற கனிமமாக இருக்கலாம்.

இதெல்லாம் எழுதிய பிறகுதான் அமிலம். பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் போதும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு ஊற்றுங்கள். நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. சுண்ணாம்புக்கல்லைப் போலவே தோன்றும் டோலமைட் என்ற கல், கட்டியாக இருக்கையில் லேசாகத்தான் நுரைக்கும், தூளாக்கினால் நன்றாக நுரைக்கும், அதையும் சோதியுங்கள்.

அந்த மாணவி ஆய்வகத்தில் இன்னொன்றும் செய்தாள். உதிர்ந்து கிடந்த துணுக்கு ஒன்றை எடைபோட்டு அமிலத்தில் விட்டு, நுரை அடங்கியதும் மிச்சத்தைக் கழுவிக் காயவைத்து மறுபடி எடைபோட்டாள். பாதிக்கு மேல் மணலாகவே எஞ்சியது. 'சுண்ணாம்புப் பிணைப்புள்ள மணற்கல், சிப்பித் துண்டுகளுடன், நடுத்தர முதல் பருமணல் வரை' என்று எழுதினாள். நான் எதிர்பார்ப்பது இப்படி ஒரு வரிதான்.

கெட்டியாக இருப்பதாலேயே கல்லைப் பழையது என்று நினைக்கவும் வேண்டாம். உலகின் சில கரைகளில் கண்ணாடி பாட்டில் சிக்கிய கடற்கரைப் பாறையே கிடைத்திருக்கிறது. சில பத்தாண்டுகளில்கூட மணல் இறுகிவிடும்.

ராமேசுவரம் தீவின் வடகரையில் கதை வேறு. அங்கே கடல்மட்டத்துக்கு மேலே நிற்பது பழைய பவளத்திட்டு. பவளங்கள் வளர்ந்த நிலையிலேயே நிற்கின்றன. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இப்போதைவிடச் சற்று உயர்ந்திருந்ததற்கு அது சாட்சி. லென்ஸில் மணி தெரியாது, நட்சத்திரம் போன்ற சிறு குழிகள்தான் வரிசையாகத் தெரியும். அதைச் சுண்ணாம்புக்கல் என்று தாராளமாக எழுதலாம்.

ஆனால் அங்கே சுத்தியலை வெளியே எடுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். பக்கத்திலுள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-லேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டன. திட்டுகளைக் கட்டும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் வெட்டியெடுத்தே இந்தக் கரையின் பவளத்தைக் குறைத்துவிட்டோம். இப்போது ஒரு வகுப்பில் 40 பேர் வந்து ஆளுக்கொரு துண்டு உடைத்துக்கொண்டு போனால், அடுத்த வருடம் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது?

ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். படுகை, அதாவது பாறை அடுக்கு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறியுங்கள். கடற்கரைப் பாறைப் பலகைகள் பெரும்பாலும் கடலை நோக்கியே மெல்லச் சரியும். அந்தச் சாய்வைக் கரையில்தான் பார்க்க முடியும், உடைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த கல்லில் அது இருக்காது.