காலிபர்: அச்சில் பிறந்த அளவு

காலிபர் என்பது பெயர்ச்சொல். துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும். அந்தக் குழலுக்கான குண்டின் விட்டத்தையும் அதே சொல்தான் குறிக்கும். தமிழில் முன்னதைக் குழல்விட்டம் என்றும் பின்னதைக் குண்டுவிட்டம் என்றும் எழுதலாம். இரண்டையும் பிரித்து எழுத வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பிறப்பு. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் எங்கிருந்தது என்று தேடினால், பெரும்பாலான அகராதிகள் 'காலிப்' என்ற அரபுச் சொல்லைக் காட்டுகின்றன. உலோகத்தை உருக்கி ஊற்றும் அச்சு என்று அதற்குப் பொருள். அதற்கும் பின்னால் ஒரு கிரேக்கச் சொல் இருக்கிறது: செருப்பு தைப்பவர் தோலை இழுத்துப் பொருத்தும் கால் வடிவ மரக்கட்டை. ஆக, இது அளவைக் குறித்துப் பிறந்த சொல்லே இல்லை. ஒன்றுக்கு வடிவம் கொடுக்கும் பொருளின் பெயர், நாளடைவில் அந்த வடிவத்தின் அளவுக்குப் பெயராகிவிட்டது.

கொங்கு நாட்டுக்கு இந்தச் சொல் புதிதல்ல. கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ எந்த லேத் பட்டறைக்குள் நுழைந்தாலும் மேசைமேல் ஒரு வெர்னியர் காலிப்பர் கிடக்கும். காலிபரும் காலிப்பரும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள். பீரங்கிக் குண்டின் விட்டத்தை அளக்க வைத்திருந்த கவட்டைக் கருவிக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு எல்லா விட்டத்தையும் அளக்கும் கருவிக்கும் அதுவே நிலைத்தது. பள்ளிப் பாடநூல் அதை வெர்னியர் அளவி என்கிறது. நல்ல சொல், பட்டறையில்தான் இன்னும் ஏறவில்லை.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். பெரிய வேட்டை ரைபிளுக்கு வீட்டிலேயே ஈயத்தை உருக்கிக் கனமான குண்டு வார்க்கிறவர்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. காலிபர் என்ற சொல்லின் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருப்பது இவர்களிடம்தான் என்பேன். தொழிற்சாலைக் குண்டு செப்பு உறை போட்டு, சரியான அளவில், பெட்டியில் வருகிறது. வாங்குபவர் .303 என்பதுபோலத் துப்பாக்கியின் பெயரில் உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் போதும். வார்க்கிறவருக்கு அது போதாது. அவர் அச்சு வாங்க வேண்டும், அந்த அச்சு அவருடைய குழலுக்குப் பொருந்த வேண்டும். இங்கேதான் பெயரிலுள்ள எண் அவரைக் கைவிடுகிறது.

ரைபிள் குழலின் உள்ளே வழவழப்பாக இருக்காது. குண்டைச் சுழற்றி அனுப்புவதற்காகத் திருகலாகப் புரி வெட்டியிருப்பார்கள். வயலில் வரப்பும் வாய்க்காலும் மாறி மாறி ஓடுவதுபோல, மேடும் பள்ளமுமாக அது குழல் நெடுக ஓடும். மேட்டுக்கு மேடு அளந்தால் ஒரு விட்டம், பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் இன்னொரு விட்டம். துப்பாக்கியின் பெயரில் இருப்பது இதில் எது? அதற்கு ஒரு நியதியே கிடையாது. நம் போலீசார் நெடுங்காலம் தோளில் சுமந்த .303 என்பது அங்குலக் கணக்கு, அதாவது 7.70 மி.மீ.; அதன் குண்டோ .311 அங்குலம், அதாவது 7.90 மி.மீ. திம்பம், தாளவாடிப் பக்கம் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடிப் போன கென்னத் ஆண்டர்சனின் துப்பாக்கி .405 வின்செஸ்டர், அதன் குண்டு .411. அமெரிக்க ராணுவம் 1873இல் எடுத்துக்கொண்ட .45-70 ரைபிள் தோட்டாவின் குண்டு .458.

இந்தச் சின்ன வித்தியாசம் வார்ப்புக் குண்டில் பெரிய தொல்லை. ஈயக் குண்டு, குழலின் பள்ளவிட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் வெடிமருந்து எரிந்து வரும் வாயு ஓரத்து இடுக்கில் புகுந்து ஈயத்தை அரித்துக்கொண்டு போகும். அந்த ஈயம் புரியில் அப்பிக்கொள்ளும். அப்புறம் குறி எங்கே நிற்கும்? அதனால் தெரிந்தவர்கள் பெயரை நம்புவதில்லை. மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றைக் குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளி எடுத்து, அதில் பதிந்திருக்கும் அளவைப் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

அச்சு வந்துவிட்டாலும் வேலை தீராது. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும், ஆறும்போது சுருங்கும். வெறும் ஈயம் மிக மென்மையானது என்பதால் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்ப்பார்கள். பழைய அச்சகங்களின் எழுத்துகள் இந்த மூன்றும் சேர்ந்த கலவைதான். கலவை மாறினால் அதே அச்சிலிருந்து விழும் குண்டின் விட்டமும் மாறும். கோவை வார்ப்பாலைக்காரருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பம்பு உறைக்குப் பேட்டர்ன், அதாவது வார்ப்பு மாதிரி, செய்கிறவர், வார்ப்பிரும்பு ஆறினால் ஏறக்குறைய 100க்கு 1 பங்கு சுருங்கும் என்று கணக்குப் போட்டு, மரத்தைச் சற்றுப் பெரிதாகவே இழைக்கிறார்.

காலிபர் எடையைச் சொல்லாது என்பதையும் குறிக்க வேண்டும். .45-70 ஒன்றுக்கே 300 கிரெயின் குண்டும் உண்டு, 500 கிரெயின் குண்டும் உண்டு. ஒரு கிரெயின் 0.0648 கிராம், ஆக 500 கிரெயின் என்பது 32 கிராமுக்குச் சற்று மேல். விட்டம் மாறாமல் எடை கூட வேண்டுமென்றால் குண்டு நீளமாகத்தான் வேண்டும். நீளமான குண்டு தள்ளாடாமல் போக, புரி இன்னும் நெருக்கமாகச் சுற்ற வேண்டும்.

எடையைச் சொல்லும் சொல் 'போர்'. நம் பக்கத்தில் போர் என்றால் ஆழ்துளைக் கிணறு. திருச்செங்கோட்டு லாரிக்காரர் ஆறரை இஞ்ச் போர் என்றால் அது துளையின் விட்டம். தோட்டக்காரர் உரிமம் வாங்கி வைத்திருக்கும் 12 போர் துப்பாக்கியில் அந்த 12 எந்த நீளத்தின் அளவும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக வார்த்தால், அதில் ஒன்று அந்தக் குழலுக்குச் சரியாக இருக்கும். விட்டம் 18.5 மி.மீ. எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். 19ஆம் நூற்றாண்டில் யானை வேட்டைக்கென்று செய்த 4 போருக்குக் கால் பவுண்டு, அதாவது 113 கிராம் உருண்டை. அந்தக் காலத்துத் துப்பாக்கிப் பெட்டிக்குள் குண்டு வார்க்கும் அச்சும் சேர்ந்தே வரும். 12 போர் என்பதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன். உரிமப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

தோட்டா வேறு, குண்டு வேறு. மருந்து, கூடு, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறந்து போவது குண்டு. செய்தித்தாள்கள் இதைக் கலக்காமல் எழுதினால் நல்லது.

இங்கே 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முடிவு கட்டிவிட்டது. 1959இன் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பதும் குற்றம். வீட்டில் வார்ப்பது நமக்குத் தெரிந்துகொள்ளும் விஷயம் மட்டுமே.

இனித் தமிழ்ச் சொற்கள். விட்டம் நம்முடைய பழைய சொல். வீட்டின் குறுக்கு உத்தரத்துக்கும் அதே பெயர்தான். வட்டத்தின் குறுக்கே போகும் கோட்டுக்கு அது இயல்பாக அமைந்துவிட்டது. அதனால் பொதுவாகச் சொல்லும்போது குழல்விட்டம் என்போம். நுணுக்கம் வேண்டிய இடத்தில் மேட்டுவிட்டம், பள்ளவிட்டம் என்று பிரிப்போம். வார்த்தெடுத்ததைக் குண்டுவிட்டம் என்போம். ரைபிளைப் புரித்துப்பாக்கி எனலாம். 'அவர் காலிபர் உள்ள ஆள்' என்று பேச்சில் வரும் இடத்தில் தகுதி, தரம் இரண்டில் ஒன்று போதும். குண்டுவிட்டத்தை அளக்க மட்டும் வெர்னியர் அளவி போதாது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 0.025 மி.மீ.; வெர்னியர் வழக்கமாகக் காட்டும் மிகச் சிறிய அளவே 0.02. இதற்கு மைக்ரோமீட்டரை எடுக்க வேண்டும், பாடநூலில் திருகு அளவி.