பித்தக் குழாய்க்குள் தேங்கிய தண்ணீரைத் தேடும் காந்தம்

கோபி பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வலது விலாவுக்குக் கீழே அடிக்கடி வலி. வயிற்று ஸ்கேனில் பித்தக் குழாய் 18 மில்லிமீட்டர் விரிந்திருப்பதாக வந்திருக்கிறது. டாக்டர் எம்.ஆர்.சி.பி. (காந்தத்தால் பித்த, கணையக் குழாய்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறாராம். “ஏனுங்க, ஒருக்கா ஸ்கேன் பார்த்தாச்சே, மறுபடி எதுக்குங்க? கதிர்வீச்சு இருக்குங்களா?”

கதிர்வீச்சு இல்லைங்க. பெரும்பாலும் ஊசியும் இல்லை.

பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுக் குழாய் சாதாரணமாக 6, 7 மில்லிமீட்டர் அகலம்தான். கல் அடைத்தாலும் விரியும். சிலருக்குப் பிறவியிலேயே பை போல உப்பியிருக்கும். இதற்குப் பித்தநாள நீர்க்கட்டி என்று பெயர். தனியாக முளைத்த கட்டி அல்ல, குழாயேதான். ஆசிய நாடுகளில் அதிகம், அதிலும் பெண்களுக்கு. பலருக்குக் குழந்தையிலேயே தெரிந்துவிடும். சிலருக்கு வளர்ந்த பிறகுதான் வலியாகவோ காமாலையாகவோ தலைகாட்டும். குழாய் எங்கே, எவ்வளவு தூரம் உப்பியிருக்கிறது என்று பார்த்துத்தான் 1977இல் ஜப்பானிய மருத்துவர் டொடானி வகுத்த ஐந்து வகைகளில் சேர்ப்பார்கள். சாதா ஸ்கேனில் குழாயின் கீழ்முனையைக் குடல் காற்று மறைத்துவிடும். அதனால்தான் எம்.ஆர்.சி.பி.

எம்.ஆர்.சி.பி.யின் சூட்சுமம் காத்திருப்பதில் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய அன்றே போய்ப் பாருங்கள். மண், புல், படித்துறை எல்லாமே ஈரத்தில் மின்னும். எது மேடு, எது பள்ளம் என்றே தெரியாது. ரெண்டு நாள் வெயில் அடித்தால் மண் வெளுத்துவிடும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் மட்டும் பளபளவென்று கிடக்கும்.

உடம்புக்குள்ளும் அதேதான். 1.5 டெஸ்லா (காந்தப் புலத்தின் அளவு) காந்தத்துக்குள் படுக்கவைத்து ரேடியோ அலையால் தட்டினால், ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பதில் சமிக்ஞை தரும். கல்லீரல் திசுவின் சமிக்ஞை சுமார் 50 மில்லி வினாடியிலேயே பெருமளவு மங்கிவிடும். தேங்கி நிற்கும் பித்தநீரின் சமிக்ஞை அதைப்போலப் பல மடங்கு நேரம் தாங்கும். கருவி 700 மில்லி வினாடி போலப் பொறுத்திருந்து அப்புறம் கேட்கும். அதற்குள் திசுவெல்லாம் இருண்டிருக்கும். ஓடும் ரத்தமும் இடம் மாறிப் போயிருக்கும். கருப்புப் படத்தில் பித்தக் குழாய் மட்டும் வெள்ளை மரக்கிளை மாதிரி நிற்கும். முதன்முதலாகப் பார்த்தபோது நான் அசந்து போனேன்.

ஒரு சிக்கல், வயிற்றில் இருக்கும் தண்ணீரும் மின்னும். அதற்குப் பல இடங்களில் அன்னாசிப் பழச்சாறு குடிக்கக் கொடுக்கிறார்கள். அதிலுள்ள மாங்கனீசு, இரைப்பைத் தண்ணீரின் சமிக்ஞையைச் சீக்கிரம் அணைத்துவிடும்!

டாக்டர் முக்கியமாகத் தேடுவது பித்தக் குழாயும் கணையக் குழாயும் சேரும் இடத்தை. குடல் சுவருக்கு வெளியிலேயே அவை சேர்ந்துவிட்டால், கணையநீர் மேலேறிப் பித்தக் குழாயை அரிக்கும். வருடக்கணக்கில் அப்படி அரித்தால் புற்றுநோய்வரை போகலாம். அதனால்தான் வலி நின்றாலும் உப்பிய அந்தக் குழாயை முழுதாக எடுக்கச் சொல்கிறார்கள். வாய்வழியே குழாய் விட்டு மருந்து செலுத்தும் ஈ.ஆர்.சி.பி.யிலும் இந்தச் சந்திப்பு தெளிவாகத் தெரியும், ஆனால் கணையம் வீங்கும் அபாயம் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண் மஞ்சளானதும் மந்திரிக்கவும் பச்சிலைக்கும் அலைவது நம் பக்கம் இன்னும் நிற்கவில்லை. வைரஸ் காமாலை பல நேரம் தானே இறங்கிவிடுவதால் நம்பிக்கை பிழைத்துக் கிடக்கிறது. குழாய் அடைத்த காமாலைக்கு அப்படிக் காத்திருந்தால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து.

அம்மணி, நாலு மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்க. பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்க. மூச்சை அடக்கச் சொன்னால் அசையாமல் அடக்குங்க. மெட்டி, கொண்டை ஊசியோடு தாலிக்கொடியில் மாட்டியிருக்கும் ஊக்கையும் மறக்காமல் கழற்றிடுங்க.