பிரசவத் தொற்றில் படுத்துவிட்டால்: 98 நாளுக்குப் பிறகு வேலை என்னாகும்?

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தால், "பால் கட்டியிருக்கு, தானா சரியாயிடும்" என்று சொல்ல மலேசியாவில் செந்தூலிலும் ஆள் உண்டு, பட்டர்வொர்த்திலும் ஆள் உண்டு. சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் கருப்பையிலோ சிசேரியன் தையலிலோ பிடித்த தொற்று முற்றினால் சிறுநீரகம், நுரையீரல் எல்லாம் செயலிழக்கும். செப்சிஸ் என்பது இதுதான். காய்ச்சலோடு மூச்சு வாங்குகிறது, சிறுநீர் குறைகிறது, பேச்சு குழறுகிறது என்றால், வீட்டுக்குத் தாதி வரும் நாளை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். 999-ஐ அழையுங்கள்.

உயிர் பிழைத்து வந்த பிறகுதான் விடுமுறைக் கணக்கு தொடங்கும். தீபகற்ப மலேசியாவிலும் லபுவானிலும் உள்ள தனியார் துறைப் பெண்களுக்கு 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் பொருந்தும். 2023 ஜனவரி 1 முதல் மகப்பேறு விடுமுறை 98 நாள். அதோடு, ஆண்டுக்கு 60 நாள் மருத்துவமனை விடுப்பு தனியாக உண்டு.

பலர் தடுமாறுவது இங்கேதான். ஐசியுவில் கிடந்த இருபது நாளை மருத்துவமனை விடுப்பில் கழித்துக்கொண்டு, 98 நாளை அப்படியே மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. மகப்பேறு அலவன்ஸ் (அந்த விடுமுறைக்கான சம்பளம்) கிடைக்கும் காலத்துக்குச் சம்பளத்துடன் நோய் விடுப்பு இல்லை என்று சட்டமே சொல்கிறது. என்னைக் கேட்டால் இது ஈரமில்லாத விதி. ஆனாலும் விதி அதுதான்.

99-ஆம் நாளும் எழ முடியவில்லையா? அப்போதுதான் நோய் விடுப்பு கைகொடுக்கும். சர்வீஸைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் போய்விட வேண்டும். மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் இருக்கிறது என்று டாக்டர் சான்று கொடுத்தால், வீட்டில் படுத்திருந்தாலும் அந்த 60 நாளிலிருந்து எடுக்கலாம். இது எச்.ஆர். ஆட்கள் சிலருக்கே தெரியாது.

இனி வேலை. கர்ப்பத்தால் வந்த நோயில் இருக்கும் பெண்ணை நீக்குவது, அதே சட்டத்தின் 41ஏ பிரிவின்படி குற்றம். வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறியது, ஒழுங்கு தவறியது, கம்பெனியையே மூடியது ஆகியவை மட்டும் விலக்கு. நீக்கினால், நோய்க்காக நீக்கவில்லை என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். வெறும் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) துண்டில் நாட்கணக்குதான் இருக்கும். "பிரசவத்தைத் தொடர்ந்து வந்த தொற்றினால்" என்ற வரி கடிதத்தில் இருக்கட்டும். நோய்க்கும் பிரசவத்துக்கும் உள்ள தொடர்பை அந்த வரிதான் காட்டும். கம்பெனி மிரட்டினால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

கணவருக்கு 7 நாள் விடுமுறை உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும்.

சிறுநீரகம் திரும்பவே இல்லை, டயாலிசிஸ்தான் என்றாகிவிட்டால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பக்கம் போங்கள். சந்தா தகுதி இருந்து, வேலை செய்ய இயலாதவர் என்று மருத்துவக் குழு உறுதிசெய்தால், இயலாமை ஓய்வூதியம் கிடைக்கும். டயாலிசிஸ் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். வேலைக்குப் போகாத இல்லத்தரசிகளுக்கு, 2022 டிசம்பரில் தொடங்கிய தனிச் சொக்சோ திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 120 ரிங்கிட். நோய் வந்த பிறகு ஓடிப்போய்க் கட்டிப் பயனில்லை, முன்பே கட்டியிருக்க வேண்டும்.