ஓநாய் திரும்பியது, ஓடை திரும்பியதா?

1995 மார்ச் 21. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு கம்பிவேலிக் கொட்டிலின் கதவைத் திறந்துவைத்தார்கள். பத்து வாரமாக உள்ளே அடைபட்டுக் கிடந்த ஓநாய்கள் பாய்ந்து ஓடிவிடும் என்றுதான் எதிர்பார்ப்பு. ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. அத்தனை நாளும் மனிதர்கள் இறைச்சியோடு உள்ளே வந்துபோனது அந்தக் கதவு வழியாகத்தான். ஆள் நடமாடும் வழியில் கால் வைக்க ஓநாய்க்கு மனம் வராது. வேறு பக்கமாக வேலியை வெட்டி ஓட்டை போட்டு, வெளியே இறைச்சி வைத்த பிறகே அவை மெல்ல நகர்ந்தன.

பிடித்து வந்ததும் ஏன் அவிழ்த்து விடவில்லை? பிறந்த இடத்தைத் தேடி ஓடும் குணம் ஓநாய்க்கு உண்டு. அந்த வேகம் அடங்கவும், புது மண்ணின் வாசனை பழகவும்தான் பத்து வாரம். அந்த ஆண்டு கனடாவின் ஆல்பெர்ட்டாவிலிருந்து 14, மறு ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17. 1926-க்குள் அரசாங்கமே ஆள் வைத்துச் சுட்டும் பொறி வைத்தும் தீர்த்துக்கட்டிய விலங்கை, அதே அரசாங்கம் கூண்டில் ஏற்றிக் கொண்டுவந்தது.

அப்புறம் நடந்ததாகச் சொல்லப்படும் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஓநாய் வந்தது, மான் குறைந்தது, மரம் வளர்ந்தது, ஆறே திசை மாறியது! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடைக்கரைக்குப் போய் ஒரு செடியைக் குனிந்து பார்த்தால் கதை இவ்வளவு சுலபமாக முடியாது.

அந்தச் செடி வில்லோ. பனிக்காலத்தில் புல் மூடிப்போனதும் எல்க் என்கிற பெரிய மான் வில்லோவின் இளங்குச்சிகளைக் கடித்துத் தின்னும். சுமார் 2 மீட்டர் உயரத்தைத் தாண்டிவிட்டால் நுனி மானின் வாய்க்கு எட்டாது, செடி பிழைத்துக்கொள்ளும். தாண்ட விடாமல் வருடா வருடம் கடித்தால்? வேர் சாகாது, தண்டும் உயராது. கத்தரித்த வேலிச்செடி மாதிரி முழங்கால் உயரத்திலேயே பல பத்தாண்டுகள் நின்றுவிடும். ஓநாய் இல்லாத காலத்தில் பூங்காவின் வடபகுதியில் நடந்தது இதுதான்.

ஓநாய் வந்தால் இது எப்படி மாற வேண்டும்? ஒன்று, மான் எண்ணிக்கை குறைய வேண்டும். இல்லாவிட்டால் மான் பயந்து ஆபத்தான இடங்களில் மேய்வதை விட வேண்டும். பயக்கணக்கு கொஞ்ச காலம் பிரபலமாக இருந்தது. பிறகு கழுத்துப்பட்டைக் கருவிகள் வைத்துப் பார்த்தபோது எல்க் அவ்வளவு ஏமாளி இல்லை என்று தெரிந்தது. ஓநாய் பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் வேட்டையாடும். அது ஓய்ந்திருக்கும் இரவு நேரம் பார்த்து அதே ஆபத்தான இடத்துக்கு எல்க் மேய வந்துவிடுகிறது.

எண்ணிக்கை குறைந்தது உண்மை. 1990-களின் நடுவில் சுமார் 19,000 இருந்த வடபகுதி எல்க் கூட்டம் 2013-இல் 4,000-க்கும் கீழே போனது. ஆனால் முழுப் பெயரையும் ஓநாய்க்கே கொடுக்க முடியாது. பூங்கா எல்லைக்கு வெளியே மனித வேட்டை, தாமாகவே பெருகிய கரடியும் பூமாவும், வறட்சி எல்லாமே அதில் பங்காளிகள்.

ஓநாயால் வந்த மாற்றங்களில் என்னைக் கேட்டால் சந்தேகமே இல்லாதது, அது விட்டுவைக்கும் மிச்சம். முன்பெல்லாம் எல்க் குளிர்காலக் கடைசியில் பட்டினியால் மொத்தமாகச் சாகும். பிணந்தின்னிகளுக்குச் சில வாரம் விருந்து, மற்ற நாளெல்லாம் வெறும் வயிறு. ஓநாய் வந்த பிறகு அந்தச் சாப்பாடு குளிர்காலம் முழுக்கப் பரவிவிட்டது. அண்டங்காக்கைகள் ஓநாய்க் கூட்டத்தைப் பின்தொடர்ந்தே பறக்கின்றன, அது தின்னும்போதே பக்கத்தில் இறங்கிக் கொத்துகின்றன. வசந்தத்தில் தூங்கி எழும் கரடி, ஓநாயை விரட்டிவிட்டு இரையைத் தனதாக்கிக்கொள்கிறது. நட்டமடைந்தது ஓநாயின் சிறிய உறவினமான கயோட்டி. அண்ணன் திரும்பி வந்த சில ஆண்டுகளில் வடபகுதியில் இந்தத் தம்பியின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது.

சரி, வில்லோவுக்கு வருவோம். அங்கே இன்னொரு ஆள் இருக்கிறது: பீவர். (இதை நீர்நாய் என்று எழுதிவிடுகிறார்கள். நீர்நாய் மீன் தின்பது, இது மரம் கொறித்து அணை கட்டுவது.) பீவருக்கு வில்லோதான் உணவு, அதுவே அணைக்குக் கட்டுமானப் பொருள். எல்க் வில்லோவைத் தின்று தீர்த்ததும் பீவர் போனது, பராமரிக்க ஆளில்லாத அணைகள் உடைந்தன, தடுக்க எதுவும் இல்லாத ஓடை தன் படுகையையே ஆழமாக அரித்துக்கொண்டது. கரையோர நிலத்தடி நீர்மட்டம் இறங்கி, வில்லோ வேர்களுக்கு எட்டாமல் போனது. இப்போது மான் கடிக்காவிட்டாலும் செடி வளராது. வில்லோ வளரத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் தேங்கப் பீவர் வேண்டும், பீவர் வர வேண்டுமானால் வில்லோ வேண்டும். இந்த முடிச்சை ஓநாயால் அவிழ்க்க முடியுமா?

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் இதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். ஓடையோரச் சில துண்டு நிலங்களுக்கு மான் நுழையாதபடி வேலி. சிலவற்றில் பீவர் கட்டுவது போலச் செயற்கை அணை. சிலவற்றில் இரண்டும். மிச்சத்தை அப்படியே விட்டார்கள். இருபது ஆண்டுகள் அளந்தார்கள். அணையும் வேலியும் சேர்ந்த இடங்களில்தான் வில்லோ நன்றாக உயர்ந்தது. எதுவும் செய்யாத இடங்களில், ஓநாய் உலவும் அதே நிலத்தில், வளர்ச்சி சொற்பம்.

பூங்காவுக்குள் பீவர் குடியிருப்புகள் பெருகியதும் நிஜம். ஆனால் அதில் ஒரு பங்கு வேறு கைகளின் வேலை. 1986 முதல் 1999 வரை வடக்கே உள்ள தேசிய வனத்தில் வனத்துறையினர் 129 பீவர்களை விட்டிருந்தார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் ஓடையோடு இறங்கிப் பூங்காவுக்குள் வந்தன.

இன்னொரு சிக்கலும் இப்போது முளைத்திருக்கிறது. எல்க் குறைந்த இடத்தில் பைசன் என்கிற அமெரிக்கக் காட்டெருமை பெருகிவிட்டது. அதுவும் வில்லோவைக் கடிக்கிறது. வளர்ந்த காட்டெருமையின் பக்கத்தில் போக ஓநாய்க் கூட்டமே பெரும்பாலும் யோசிக்கும்.