கோடி வரிகளை ஒப்பிடுவது எப்படி?

நேற்றைய பட்டியல் ஒரு கோப்பில் இருக்கிறது, இன்றைய பட்டியல் இன்னொன்றில். ஒவ்வொன்றிலும் 10 லட்சம் பதிவுகள். எவை புதிதாகச் சேர்ந்தன, எவை காணாமல் போயின என்று கண்டுபிடிக்க வேண்டும். நிரல் எழுதத் தொடங்கும் எவருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான்: முதல் கோப்பில் ஒரு வரியை எடுத்து, இரண்டாவது கோப்பை மேலிருந்து கீழாகத் தேடுவது, பிறகு அடுத்த வரி. ஆயிரம் வரிகள் கொண்ட மாதிரிக் கோப்பில் இது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதனாலேயே பலர் ஏமாந்துபோகிறார்கள். 10 லட்சத்தை 10 லட்சத்தால் பெருக்கினால் ஒரு லட்சம் கோடி ஒப்பீடுகள். விநாடிக்கு 10 கோடி ஒப்பீடுகள் நடந்தாலும் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். பதிவுகள் ஒரு கோடியானால் அதே நிரல் 11 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

வேகமான கணினி வாங்கி இதைத் தீர்த்துவிட முடியாது. ஒரு பதிவு இருந்தால் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், மற்ற இடங்களைப் பார்க்கவே வேண்டியதில்லை. எல்லா நல்ல வழிகளும் இந்த ஒன்றைத்தான் செய்கின்றன.

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் முன்வைத்த ஹேஷிங் அவற்றில் ஒன்று. வரியின் எழுத்துகளைக் கொண்டே ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்தில் வரியை வைத்துவிடுவது. தேடும்போதும் அதே கணக்கைப் போட்டு நேரே அந்த இடத்துக்குப் போய்விடலாம். சிறிய கோப்பை இப்படி நினைவகத்தில் ஏற்றிவிட்டு, பெரிய கோப்பை வரி வரியாகப் படித்துக்கொண்டே போனால் போதும். மொத்த வேலை 20 லட்சம் படிகளை ஒட்டி முடிந்துவிடும். நினைவகத்தில் இடம் இருக்கும்வரை வேறு வழி தேட வேண்டாம் என்பதே என் கருத்து.

இடம் போதாதபோதுதான் சிக்கல். 20 ஆங்கில எழுத்துகள் கொண்ட ஒரு வரி வட்டில் 20 பைட்தான். பைத்தான் நிரல்மொழியில் அது ஒரு சரமாக (எழுத்துகளின் தொடராக) மாறும்போது 60 பைட்டைத் தாண்டிவிடுகிறது. ஹேஷ் எண்படி வரிகளை வைக்கும் அட்டவணைக்கான இடம் தனி. அப்போது இரண்டு கோப்புகளையும் ஹேஷ் எண்ணை வைத்து 64 சிறு கோப்புகளாகப் பிரிக்கலாம். ஒரே பதிவு இரு பக்கத்திலும் ஒரே எண்ணுள்ள துண்டில்தான் விழும். ஆகவே ஏழாம் துண்டை ஏழாம் துண்டோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். ஓர் எச்சரிக்கை: பைத்தானின் உள்ளமைந்த ஹேஷ், சரங்களுக்கு நிரலை ஓட்டும் ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைத் தரும். இரு கோப்புகளையும் தனித்தனி ஓட்டங்களில் பிரித்தால் எதுவும் பொருந்தாது. சிஆர்சி32 போன்ற மாறாத கணக்கைப் பயன்படுத்த வேண்டும்.

இன்னொரு வழி, இரண்டையும் வரிசைப்படுத்திவிட்டு ஒருசேர நடப்பது. இடது கோப்பில் 1003, 1007, 1012. வலது கோப்பில் 1003, 1009, 1012 என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் தலையிலும் ஒவ்வொரு விரல். 1003 இரண்டிலும் இருக்கிறது, இரு விரல்களும் நகர்கின்றன. இப்போது 1007-க்கு எதிரே 1009. வலது பக்கத்தில் இனி வருவதெல்லாம் 1009-ஐவிடப் பெரியவை. ஆகவே 1007 அங்கே இல்லை என்பது முழுதும் படிக்காமலே உறுதியாகிறது. இடது விரல் மட்டும் 1012-க்கு நகர்கிறது. அடுத்து 1009 வலதில் மட்டும் இருப்பது தெரிகிறது. எந்த விரலும் பின்னோக்கிப் போவதில்லை. நினைவகத்தில் எப்போதும் இரண்டே வரிகள். எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

வரிசைப்படுத்துவதற்கும் நினைவகம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஜான் வான் நியூமன் 1945-இல் வகுத்த மெர்ஜ் சார்ட் முறையில், கொள்ளும் அளவுக்குத் துண்டு துண்டாக வரிசைப்படுத்தி, வட்டில் எழுதி, பிறகு ஒன்றிணைக்கலாம். யூனிக்ஸ் இயங்குதளத்தின் சார்ட் (sort) கட்டளை இதைத் தானாகவே செய்யும். காம் (comm) கட்டளை அந்த இரு விரல் நடையை நடக்கும். ஆனால் இரு கோப்புகளும் ஒரே விதிப்படி வரிசையாகியிருக்க வேண்டும். எண்ணாகப் பார்த்தால் 999 முதலில் வரும். எழுத்தாகப் பார்த்தால் 1000 முதலில் வரும்.

வேகத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் கணினிக்கு வேறாக இருக்கும் வரிகள். விண்டோஸில் உருவான கோப்பில் வரி முடிவில் ஒரு குறி கூடுதலாக இருக்கும். அது போதும், ஒரு வரிகூடப் பொருந்தாமல் போக. தமிழிலும் இது உண்டு. ‘கொ’ என்பதை, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ‘க’வும் ஒகரக் குறியும் சேர்த்து எழுதலாம், ‘க’வோடு எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 கோப்பில் முன்னது 6 பைட், பின்னது 9 பைட். ஹேஷ் இரண்டுக்கும் வேறு வேறு எண்ணைத் தரும். யூனிகோடின் என்எஃப்சி முறைப்படி இரு கோப்புகளின் வரிகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, ஓரத்து வெற்றிடங்களை நீக்கிய பிறகே ஹேஷ் கணக்கிடவோ வரிசைப்படுத்தவோ தொடங்க வேண்டும்.